வடிகுழாயும் தூய்மையும்

யாக்கைக்கு வரும் பிணிகளுள் வலியினும் நாணத்தால் மிக வருத்துவன சில உள. அவற்றுளொன்று, சிறுநீர் தடைப்பட்டு வடிகுழாயோடு நெடுநாள் வாழ நேர்தல். முதுமையில் நீர்ப்பையின் வாயிலைச் சூழ்ந்த சுரப்பி வீங்குதலாலும், முதுகுத்தண்டின் நரம்பு ஊறுபடுதலாலும் இது நேரும். 1930-களில் ஃபோலி என்னும் அமெரிக்க மருத்துவர் அமைத்த குழாயே இன்றும் பெரும்பாலும் வழங்குகின்றது. அதன் நுனியிலுள்ள சிறு குமிழ் நீரால் உப்பிக் குழாய் நழுவாது காக்கும்.

பட்டுக்கோட்டைப் பக்கத்துச் சைவ முதியோருள், இக்குழாய் பெற்றார் சிலர் நீறணிதலையும் பூசையையும் விடுத்து, திருமண வீடுகளுக்கும் செல்லாது, திண்ணையினின்று உள்ளறைக்கு ஒதுங்குதலை யாம் கண்டுளேம். பை நிறையுமென்று அஞ்சித் தண்ணீர் பருகுதலையும் குறைக்கின்றனர். அதனாற் சிறுநீர் செறிந்து, உப்புப் படிந்து, குழாய் அடைபடுகின்றது. நாணமே நோயை வளர்க்கின்றது என்க.

அற்றேல், சிறுநீரைச் சுமந்துகொண்டு சிவபூசை செய்தல் தகுமோ எனின், வினவுவாரை யாம் வினவுவோம்: குழாயில்லார் எதனைச் சுமந்து கோயில் புகுகின்றனர்? ஏறத்தாழ 400 மில்லிலிட்டர் கொள்ளும் நீர்ப்பை எல்லார் வயிற்றினும் உளது. உள்ளிருந்த பைக்குத் துணையாகப் புறத்தே ஒரு பை தோன்றிற்று; வேறு யாது நிகழ்ந்தது? உடம்பு முழுதும் மாயையின் காரியமென்று கொண்ட சித்தாந்திக்கு, அகத்துள்ள பை தூயதும் புறத்துள்ள பை தீயதும் ஆதல் யாங்ஙனம்?

ஈண்டு ஒருவரைக் குறித்தல் வேண்டும். அஃது அன்பர் சிலர்க்கு உவப்பாகாது. கடவுட் கொள்கையை மறுத்தே வாழ்ந்த ஈ. வே. ராமசாமிப் பெரியார், தம் இறுதியாண்டுகளிற் சிறுநீர்க் குழாயோடும் அந்நீரை ஏற்கும் கலத்தோடும் ஊரூராகச் சென்று பேசினார். 1973 டிசம்பர் 19-இல் சென்னைத் தியாகராய நகரில் இறுதியாகப் பேசி, 24-இல் வேலூரில் 94 வயதினராய் மறைந்தார். அவர் கொள்கை எமக்கு உடன்பாடன்று. ஆயினும், உடம்பு கருவியே என்பதை நாம் நூலிற் படித்தோம். அவர் நடந்து காட்டினார்.

உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்பது மெய்கண்டார் மரபு. மூக்கைப் பொத்தும் மைந்தனைச் சார்ந்த தந்தை தன்னையே மலமென்று எண்ணுவன்; சோர்வும் உறக்கமின்மையும் பின்வரும். 'இது நும் வினை' என்று அவன் செவியில் ஓதுவாரும் உளர்! வினைக்கொள்கை தன் துன்பத்தைத் தான் பொறுத்தற்கு. பிறன் துன்பத்தை வாளா பார்த்திருத்தற்கு அன்று.

வீட்டார், கைகழுவிப் பின் பையை ஒழிக்க. அதனை எஞ்ஞான்றும் நீர்ப்பையினும் தாழ்வாகத் தொங்கவிடுக. மருத்துவர் குறித்த நாளிற் குழாயை மாற்றுவிக்க. குளிர்காய்ச்சல் காணின் மருத்துவமனைக்கு விரைக. திருநீற்றுப் பையை அவர் கைக்கெட்டும் இடத்தில் வைத்து, மாலையில் திண்ணையில் அமர்த்துக.