மருந்தும் மயக்கமும்

வைகாசிப் பௌர்ணமியன்று பஞ்சசீலம் ஏற்ற உபாசிகை ஒருவர், தாம் இரவுதோறும் உட்கொண்டுவந்த பீனோபார்பிட்டோன் மாத்திரையை மறுநாளே நிறுத்திவிட்டார். மயக்கந்தரும் பொருளைத் தவிர்ப்பேன் என்று சங்கத்தின் முன் கூறிய வாயால் அதை எங்ஙனம் விழுங்குவது என்பது அவர் கருத்து. பத்தாம் நாள் அடுப்பருகே வலிப்புக் கண்டு வீழ்ந்தார், கை வெந்தது. அவருடைய சிரத்தையைப் பழிப்பதற்கில்லை. எனினும் சீலத்தின் பொருளை அவர் உணர்ந்தாரா?

ஐந்தாம் சீலத்தின் பாலி வாசகம் கள்ளையும் சாராயத்தையும் சொல்வதோடு நிற்கவில்லை. 'பமாதம்' என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறது. வள்ளுவர் பொச்சாப்பு என்றது ஏறக்குறைய இதனையே. வலிப்பில் வீழ்ந்தவருக்கு விழிப்பு ஏது? அவருக்கு இம்மாத்திரை விழிப்பைக் காக்கும் வேலி.

விநய பிடகத்தில் ஒரு செய்தி உண்டு. வாதநோயுற்ற பிலிந்தவச்சருக்கு மது கலந்து காய்ச்சிய எண்ணெயைப் பகவர் அனுமதித்தார். சில பிக்குகள் மதுவை மிகுதியாகக் கலந்து குடித்து வெறிகொண்டனர். பகவர் மருந்தையே விலக்கிவிடவில்லை. மதுவின் நிறமும் மணமும் சுவையும் தோன்றாத அளவே குடிக்கத்தக்கது என வரையறுத்தார். மிகுதியாகக் கலந்ததையும் கொட்டச் சொல்லாமல், உடம்பில் பூசிக்கொள்ளச் சொன்னார்!

பீனோபார்பிட்டோன் 1912இல் உறக்க மருந்தாகவே ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. உறங்கத் தந்த அம்மருந்து வலிப்பையும் குறைப்பதை அவ்வாண்டே ஆல்ஃபிரட் ஹாப்ட்மன் என்னும் மருத்துவர் கண்டறிந்தார். மூளையின் மிகைக் கிளர்ச்சியை அடக்கும் இயற்கைப் பொருளுக்கு அது துணைநிற்கிறது. அத்துணைக்குப் பழகிய மூளையிடமிருந்து அதைத் திடீரெனப் பறித்தால் வலிப்பு முன்னிலும் கடுமையாக வரலாம். உயிருக்கும் கேடு நேரலாம். நிறுத்துவதாயினும் மருத்துவர் மேற்பார்வையில், சிறிது சிறிதாகவே நிறுத்தல் வேண்டும்.

இதுவரை எளிது. அவ்வம்மையாரின் கணவரோ கடன் கவலையால் உறக்கமிழந்தவர். மனைவி நிறுத்திய புட்டியிலிருந்து அவர் எடுத்து விழுங்கத் தொடங்கியிருந்தார். முதலில் ஒன்று, பின்னர் இரண்டு. அளவு மிகின், அதிலும் மதுவோடு சேரின், மூச்சே அடங்கும் என்பதை அவர் அறியார். உறக்கமின்மையும் நோயே, அதற்கு மருந்து கொள்வது குற்றமன்று. ஆனால் அவர் தேடியது உறக்கத்தையா, வட்டிக்காரன் முகத்தை மறப்பதையா? இக்கேள்வியை அவரிடமே கேட்டேன். நெடுநேரம் பேசாதிருந்து, "இரண்டும்தான் ஐயா" என்றார்.

அம்மையார் மருத்துவர் சொற்படி மாத்திரையை மீண்டும் உட்கொள்கிறார். கணவரும் அடுத்த முறை உடன் செல்ல இசைந்துள்ளார். புட்டி இப்பொழுது அம்மையாரின் பெட்டியில் பூட்டியிருக்கிறது.