சாவுக்குச் சங்கம் உண்டு, வாழ்வுக்கு எங்கே?

கடலுக்குப் போன வள்ளம் விடிந்தும் கரை சேரவில்லை என்றால் நம் மன்னாரின் வங்காலை ஊர் என்ன செய்யும்? போனவன் உறவா, பகையா என்று பார்க்குமா? எண்ணெய்க் காசு யார் கொடுப்பது என்று கணக்குப் போடுமா? கிடைக்கிற வள்ளமெல்லாம் கடலில் இறங்கும். அதே ஊரில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால் மட்டும் ஏன் குரலைத் தாழ்த்துகிறோம்? ஏன் அந்த வாசலைக் கடக்கும்போது மட்டும் நம் நடை வேகமாகிறது?

நோயோடு போராடுகிற சகோதரனே, சகோதரியே, முதற் சொல் உங்களுக்கு. இது நீங்கள் செய்த பாவத்தின் சம்பளம் அல்ல. தொட்டால் ஒட்டுகிற நோயும் அல்ல. உங்களுக்கென்று தனிக்கோப்பை ஒதுக்கினால் அதை ஏற்காதீர்கள். "யாருக்கும் சொல்லாதே" என்றால் கேட்காதீர்கள். உதவி கேட்பது பிச்சை அல்ல. வாழவேண்டும் என்று முடிவெடுத்தவர்தான் வாய்திறந்து கேட்பார். தன்னம்பிக்கை என்பது தனியாகச் சுமப்பது என்று யார் சொன்னது?

இந்த நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். ஆனால் அந்த வாசலுக்குப் போய்ச் சேருவது இலவசம் அல்ல. மன்னாரிலிருந்து பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம் வழியாக யாழ்ப்பாணம் நூறு கிலோமீற்றருக்கு மேல். அதற்கும் அப்பால் தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனை. மகரகமப் புற்றுநோய் மருத்துவமனைக்கோ சுமார் முந்நூறு கிலோமீற்றர். கிளினிக் நாளில் இருட்டோடு எழும்பி, கிளினிக் கொப்பியையும் ரிப்போட்டுகளையும் பொலித்தீன் பையில் சுற்றி, வாந்தி வந்தால் பிடிக்க இன்னொரு பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் ஏறுகிறாள் ஒரு தாய். கூடப்போகிற மகனுக்கு அன்றைய தொழில் போச்சு. கதிர்ச் சிகிச்சை என்றால் வழக்கமாக வாரத்தில் ஐந்து நாள், கிழமைக் கணக்கில். எங்கே தங்குவது? யார் சமைப்பது? "அடுத்த கிளினிக்குக்குப் போவம்" என்று ஒருமுறை தள்ளிப்போடுகிறாள். பிறகு இன்னொரு முறை. அவளைத் தோற்கடிப்பது நோய் மட்டுமா? துணைக்கு ஆள் இல்லாததும்தான்!

தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனை எப்படி எழுந்தது, தெரியுமா? அதற்குப் பணம் திரட்ட 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையில் தொடங்கி வடக்கே பருத்தித்துறை வரை 27 நாள் நடந்தார்கள் சிலர். வழியெல்லாம் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்துகொண்டார்கள். அந்த நடையில் திரண்ட பணத்தில் கட்டிய மருத்துவமனை 2013இல் திறக்கப்பட்டது. முகம் தெரியாதவர்கள் நமக்காக 27 நாள் நடந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரிக்குத் துணையாக ஒரு நாள் பஸ்ஸில் போக நம்மால் முடியாதா?

"நாங்கள் என்ன டொக்டரா?" என்று கேட்காதீர்கள். கேரளத்தைப் பாருங்கள். 1993இல் கோழிக்கோட்டில் டொக்டர் ராஜகோபாலும் டொக்டர் சுரேஷ்குமாரும் வலி நிவாரணத்துக்கென்று ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். 2001இல் மலப்புறத்தில் அந்தப் பணி அயலவர் கைக்கு வந்தது. சாதாரண ஊர்ச்சனம் பயிற்சி பெற்று, கிழமைக்குச் சில மணி நேரம் ஒதுக்கி, நோயாளி வீட்டுக்குப் போனார்கள். புண் கழுவினார்கள், அரிசி கொடுத்தார்கள், பக்கத்தில் இருந்து பேசினார்கள். 2008இல் கேரள அரசே அதைத் தன் கொள்கையாக ஏற்றுக்கொண்டது. மலப்புறத்துக்கு முடிந்தது வங்காலைக்கு ஏன் முடியாது?

1985 ஜனவரி 6ஆம் திகதி பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் சுட்டுக் கொல்லப்பட்டபோதும் உடைந்து போகாத ஊர் இது. இடம்பெயர்ந்தும் திரும்பிவந்து, புனித ஆனாள் ஆலயத்தைச் சுற்றி மறுபடி வேர்விட்ட ஊர். உங்களுக்கா பலம் இல்லை?

ஒழுங்கும் ஏற்கெனவே இருக்கிறது. நம் ஊர்களில் மரண உதவிச் சங்கம் இருக்கிறது. கொட்டகை, கதிரை, பெட்டி, சாப்பாடு எல்லாம் மணிக்கணக்கில் வந்து இறங்கும். செத்தபின் தோள்கொடுக்க இத்தனை பேர் இருக்கிறோமே, உயிரோடு இருக்கும்போது கைகொடுக்க ஏன் ஒரு பட்டியல் இல்லை? அதே சங்கம், அதே சந்தாக் கொப்பி, அதே ஆட்கள் போதும். கிளினிக் நாளுக்குத் துணைபோக ஒருவர். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப ஒருவர். வாய்ப்புண்ணுக்கு இதமாகக் கஞ்சி காய்ச்ச ஒரு வீடு. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கண்டு, கிடைக்கக்கூடிய உதவிப்பணத்துக்கு விண்ணப்பம் நிரப்ப, எழுதப்படிக்கத் தெரிந்த ஒரு இளைஞன். ஒரு ஊரால் முடியாத வேலையா இவை?

துணை நிற்பவர் இரண்டு விஷயம் அறிந்திருக்கவேண்டும். கீமோ மருந்து ஏற்றியபின் காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால் பனடோலைப் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. உடலின் எதிர்ப்புச் சக்தி விழுந்திருக்கும் நேரம் அது. உடனே 1990க்கு அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். இரண்டாவது, வலியைப் பொறுத்துக்கொள்வது வீரம் அல்ல. வலியை அடக்க மருந்து உண்டு, வாயால் குடிக்கும் மோர்பின் உட்பட. வைத்தியர் அளவோடு தரும் மோர்பினுக்குப் பயப்படாதீர்கள். வலிக்கிறது என்று உரத்துச் சொல்லுங்கள்!

நோய் வராத வீட்டாருக்கும் ஒரு சொல். இலங்கை ஆண்களை அதிகம் தாக்குவது வாய்ப்புற்றுநோய். புகையிலை மட்டுமல்ல, வெறும் பாக்கும் புற்றுநோய் தரும். தம்பி, கடலில் நித்திரை வராதிருக்க வெற்றிலை போடுகிறாயா? கண்ணாடி முன் வாயைத் திறந்து பார். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருந்தால், மூன்று கிழமையாகியும் ஆறாத புண் இருந்தால், இன்றே போய்க் காட்டு. அக்கா, 35 வயதிலும் 45 வயதிலும் கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கு வரச்சொல்லிக் குடும்பநல உத்தியோகத்தர் கூப்பிட்டால் வெட்கப்படாமல் போங்கள். 2017 முதல் ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியில் போடும் எச்.பி.வி. தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள்.

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் கலைந்து போகாதீர்கள். பத்துப்பேர் ஆலய முற்றத்தில் நில்லுங்கள். ஒரு கொப்பியைத் திறந்து, அடுத்த கிளினிக் யாருக்கு, எந்தத் திகதி என்று எழுதுங்கள். அதன் எதிரே துணைபோகிறவர் பெயர் வரவேண்டும். முதற்பெயர் உங்களுடையதாக இருக்கட்டும்!