கடைத் தேங்காயும் கட்சி நிதியும்

"கொடுப்பவர் மனமுவந்து கொடுக்கிறார், கொள்பவர் முகமலர்ந்து கொள்கிறார், இடையிலே நின்று ஏனென்று கேட்க நீ யார்?" — சர்க்கார் வேலைகளை எடுத்து நடத்தும் காண்ட்ராக்டர்கள் கட்சிகளுக்கு வாரி வழங்குவது குறித்து ஐயம் எழுப்புவோர் மீது வீசப்படும் கேள்விக்கணை இது.

நான் யார்? வரி செலுத்தியவன். பாலம் கட்டவெனத் தரப்பட்ட தொகையில் என் உழைப்பு கலந்திருக்கிறது. என் பக்கத்து வீட்டுக்காரரின் உழைப்பும் கலந்திருக்கிறது. அவர் ஒரு கட்சி, நான் வேறு கட்சி. அத்தொகையில் ஒரு கூறு, காண்ட்ராக்டரின் கை வழியே சென்று, எங்களில் ஒருவர் வெறுத்தொதுக்கும் கட்சியின் பேழையை நிரப்புமானால், கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதைதானே அது! பிள்ளையாராவது, பாவம், கைம்மாறாக அடுத்த பாலத்தின் வேலையை வாங்கித் தருவதில்லை.

"செய்த வேலைக்குக் கூலி பெற்றேன், ஆதாயம் என் உடைமை, எவருக்கும் கொடுப்பேன்" என்பார் காண்ட்ராக்டர். மறுக்கவொண்ணாத பேச்சுப் போலத் தோன்றும். ஆனால், அந்தக் கூலி நியாயமானதுதானா என்று நிறுத்துப் பார்த்தவர் யார்? நன்கொடை பெற்றவரன்றோ!

அமெரிக்காவிலே 1936-ல் நடைபெற்றதைக் கேளுங்கள். குடியரசுத் தலைவர் தேர்தல் ஆண்டு அது. ஆட்சியிலிருந்த ஜனநாயகக் கட்சி தன் மாநாட்டு மலரை வெளியிட்டது. தலைவர் ரூஸ்வெல்ட் கையொப்பமிட்ட தனிப் பதிப்பின் விலை 250 டாலர். இலக்கியச் சுவையில் திளைப்போரா அதை வாங்கினர்? சர்க்கார் வேலையை நாடி நின்ற கம்பெனிகள் வாங்கின! படிக்க அல்ல, பட்டியலில் தம் பெயர் நிலைக்க. நிதி என்று பெயரில்லை, லஞ்சம் என்று பெயரில்லை. புத்தகம் என்று பெயர். மலருக்கு விளம்பரம் கேட்டு வருவோரைக் கண்டதும் நம் ஊர்க் கடைக்காரர் முகம் மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதுமையன்று.

அறச்சிக்கல் இங்கேதான் இருக்கிறது. 250 டாலர் ஈந்தவர், கையூட்டுக் கொடுத்த குற்றவாளியா, கப்பம் கட்டிய அபலையா? வேலை கிடைக்குமென்ற ஆசையிலே கொடுத்தாரா, கிடைத்த வேலை பறிபோகுமென்ற அச்சத்திலே கொடுத்தாரா? அவரையே கேட்டாலும் அறுதியிட்டுச் சொல்ல மாட்டார். ஆசையும் அச்சமும் ஒரே நெஞ்சிலே பின்னிக் கிடக்கும்போது, 'மனமுவந்து' என்ற சொல்லுக்கு இடமேது? நெஞ்சைத் துருவி நோக்கத்தைக் கண்டறியும் வேலையே வேண்டாமென, 1940-ல் அந்நாட்டுச் சட்டம் ஒரு கோடு கிழித்தது. மத்திய அரசின் ஒப்பந்தம் பெறுவோர், பேச்சு துவங்கிய நாள் முதல் வேலை முடியும் நாள் வரை, மத்திய அரசுத் தேர்தல்களுக்கு நன்கொடை தரலாகாது என்றது. விலங்கு என்பர் சிலர். கேடயம் என்பேன் நான். "சட்டம் தடுக்கிறது ஐயா" என்று சொல்லி வாயிற்கதவை அடைக்கும் உரிமை காண்ட்ராக்டருக்குக் கிடைத்ததே!

மாநிலங்களுக்கு அந்தக் கோடு எட்டவில்லை. மேரிலாந்து மாநிலத்தில், சர்க்கார் வேலை பெற்ற பொறியாளர்கள் கவர்னர் ஸ்பைரோ அக்னியூவுக்குப் பணம் செலுத்தினர். அவர் நாட்டின் துணைத் தலைவராக உயர்ந்த பின்னரும் பண உறை அவரைத் தேடி வந்தது. 1973 அக்டோபர் 10-ல் அவர் பதவி துறந்தார். வரி ஏய்ப்புக் குற்றச்சாட்டை எதிர்த்து வழக்காடாது 10,000 டாலர் அபராதம் ஏற்றார். அவர் கூறிய சமாதானம் என்ன தெரியுமோ? காண்ட்ராக்டர்கள் நிதி தருவது அங்கே நெடுநாளைய வழக்கமாம்! வழக்கம்! இந்தச் சொல் எந்தக் கொடுமைக்குத்தான் குடை பிடிக்கவில்லை?

தடைச் சட்டத்திலும் ஓட்டை உண்டு, ஒளிப்பானேன்? கம்பெனி கொடுக்கலாகாது, கம்பெனியின் தலைவர் தம் சொந்தப் பையிலிருந்து கொடுக்கலாம். அரசுக்கு அறிக்கை எழுதித் தர ஒப்பந்தமான ஒரு சட்டப் பேராசிரியரோ, தாமே ஒப்பந்தக்காரர் என்பதால், ஒரு டாலரும் தரக்கூடாது. அவரும், ஓய்வுக்குப் பின் ஒப்பந்தத்தில் பணியாற்றிய அலுவலர் இருவரும் வழக்குத் தொடுத்தனர். 2015-ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் தடை செல்லுமென ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். தீர்ப்பு முறையானதே, ஆயினும் பேராசிரியரின் மனக்குறையை நான் எள்ளமாட்டேன். அயிரையைப் பிடித்துத் திமிங்கிலத்தைத் தப்ப விடும் வலையைத் திருத்திப் பின்னத்தான் வேண்டும்.

நம் நாட்டிலோ வலையே இல்லை. சர்க்கார் கம்பெனிகள் கட்சிகளுக்குப் பணம் தரலாகாது என்கிறது 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம். சர்க்கார் பணத்தால் கொழிக்கும் காண்ட்ராக்டர் கம்பெனிகளைப் பற்றி அது வாய் திறக்கவில்லை. மூன்றாண்டுச் சராசரி ஆதாயத்தில் 7.5 விழுக்காடு என்றிருந்த வரம்பையும் 2017-ல் அகற்றினர். 2018-ல் தேர்தல் பத்திரம் வந்தது. கொடுத்தவர் பழிவாங்கப்படாதிருக்கவே பெயர் மறைக்கப்படுகிறது என்றனர். விந்தை! பழிவாங்கும் வலிமை யாரிடம் மிகுதி? ஆட்சியிடம். பத்திரத்தை விற்றது யார்? ஆட்சியின் பிடியிலுள்ள ஸ்டேட் வங்கி. வாக்குச்சீட்டு மறைவாக இருப்பது, வலியோர் அறியாதிருக்க. பத்திரம் மறைவாக இருந்ததோ, எளியோர் அறியாதிருக்க!

2024 பிப்ரவரி 15-ல் உச்சநீதிமன்றத்தின் 5 நீதிபதிகளும் ஒருமித்து அத்திட்டத்தைச் செல்லாதாக்கினர். 16,000 கோடி ரூபாய்க்கு மேல் பத்திரங்கள் விற்றுத் தீர்ந்திருந்தன. மறுமாதம் பட்டியல் வெளிவந்தபோது, சாலையும் சுரங்கப் பாதையும் அமைப்போர் முன்வரிசையில் நின்றனர். மத்தியில் ஆளும் கட்சியும் பெற்றது. மாநிலங்களில் ஆண்ட கட்சிகளும் பெற்றன. பட்டியலில் உள்ளோர் அனைவரும் பிழை செய்தவர் என்று நான் கூறவில்லை. தூயவர் யார், தொகை கொடுத்து வேலை பெற்றவர் யார் என்று பிரித்தறிய நமக்கு வழி வைக்கப்படவில்லை; அதுவே என் முறையீடு.

பத்திரம் ஒழிந்தது, 7.5 விழுக்காட்டு வரம்பும் தீர்ப்பினால் மீண்டது. நாளை ஒரு பாலத்துக்கு டெண்டர் உறைகள் திறக்கப்படும்போது, காண்ட்ராக்டர் முன்பு கட்டிய பாலங்கள் எத்தனை, அவர் செலுத்திய முன்வைப்புத் தொகை எவ்வளவு என்பதெல்லாம் அதிகாரியின் மேசை மீதிருக்கும். எந்தக் கட்சிக்கு எவ்வளவு கொடுத்தார் என்று எழுதிய தாள் ஒன்றையும் அந்த உறையில் வைக்கும்படி நம் சட்டம் இன்னும் பணிக்கவில்லை.