கீழே வாங்கிய மூச்சு



இன்றைய நற்செய்தியில் வணிகர் ஒருவர் உள்ளதையெல்லாம் விற்று ஒரு முத்தை வாங்குகிறார். அந்த முத்தைக் கடலுக்குள் போய் எடுத்தவர் யார்? உவமை சொல்லவில்லை. அவரைப் பற்றித்தான் இன்று பேச ஆசை.

காரணம் உண்டு. நம் பங்கு இளைஞர்கள் நாலு பேர் டிசம்பரில் அந்தமானுக்கு டிக்கெட் போட்டிருக்கிறார்கள். படகில் போய் ஸ்கூபா டைவிங் செய்யப் போகிறார்களாம். "ஃபாதர், ஜெபம் பண்ணி அனுப்புங்க" என்று வந்து நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் அவர்களுடைய அம்மாக்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு!

தம்பிகளே, நம் மேலூர்க்காரர்களுக்கு ஆழம் என்றால் கிணறுதான். அடியைத் தொட்டதற்குச் சாட்சியாக ஒரு பிடி சேறு அள்ளி வருவோம். அதற்குள் காது விண்ணென்று தெறிக்கும். கடலில் வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது. இறங்க ஆரம்பித்ததுமே மூக்கைப் பிடித்து மெல்ல ஊத வேண்டும். அப்படியும் வலித்தால், வீம்பு வேண்டாம், கொஞ்சம் மேலே வந்துவிடுங்கள். படகில் குமட்டினால் தொடுவானத்தைப் பாருங்கள், செல்போனை அல்ல.

1542இல் சவேரியார் வந்து சேர்ந்த முத்துக்குளித்துறைக் கடற்கரையில், முத்தெடுக்கப் பரதவர்கள் கல்லின் பாரத்தோடு ஒரே மூச்சில் அடிக்குப் போவார்கள். ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை. படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்கள் என்று தென்கரையில் ஒரு பேச்சு உண்டு. அக்கா தாலி அவன் கையில் அல்லவா! 1961ஓடு தூத்துக்குடியில் அந்த முத்துக்குளிப்பு நின்றுபோனது.

அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டே மேலே வரலாம். அது மேலேயிருந்து கொண்டுபோன மூச்சு. நீங்கள் அப்படி வரக் கூடாது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே சிலிண்டரிலிருந்து நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேலே வரவர விரிந்து இரண்டு மடங்காகும். அடக்கி வைத்தால் நுரையீரல் கிழியும். விட்டுக்கொண்டே, மெதுவாக, ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வாருங்கள். கடைசியாகக் கடலில் இறங்கிய பிறகு 18 மணி நேரமாவது விமானம் ஏறாதீர்கள்.

இறைமக்களே, கீழே கிடைத்த மூச்சைக் கீழேயிருந்தே விட்டுக்கொண்டு வர வேண்டும் என்பதை நான் பல நாள் நினைத்துப் பார்த்தேன். கடன், நோய், சாவு என்று அடிவரை போய் வந்தவர்கள் இந்தக் கோவிலிலேயே இருக்கிறீர்கள். மூச்சு முட்டிய அந்த இடத்திலும் ஆண்டவர் உங்களுக்கு ஆறுதல் கொடுத்தார். அதை என்ன செய்தீர்கள்? கணவரை இழந்து ஓராண்டுகூட ஆகாத ஒரு தாய், அடுத்த தெருவில் சாவு விழுந்தபோது, யாரும் கூப்பிடாமலே போய் காபி போட்டுக் கொடுத்தார். டம்ளரை நீட்டிய கை நடுங்கியது. கொடுத்துவிட்டு, பேசாமல் அந்த வீட்டுப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவர் வாங்கிய மூச்சு அப்படி வெளியே போனது.

நாலு பேரும் திருப்பலி முடிந்ததும் பீடத்தருகே வாருங்கள், அம்மாக்களையும் கூட்டிக்கொண்டு. கடலுக்குள் இரண்டிரண்டு பேராகத்தான் போக வேண்டும். யாருக்கு யார் மச்சான் என்பதை ஜெபத்துக்கு முன்பே முடிவு செய்துவிடலாம்.