குதிரைக்குப் போர்வை

இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்‌ஷயர் பள்ளத்தாக்கு ஒன்றில், ஒரு மூதாட்டியின் பண்ணைவீட்டு மாடியறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நான் ஒரு குளிர்காலத்தைக் கழிக்க நேர்ந்தபோது, கீதையிலும் வள்ளலாரிடத்திலும் படித்துப் பல காலம் தலையாட்டி ஏற்றுக்கொண்டிருந்த ஒரு கொள்கையின்மேல் எனக்கு முதன்முதலாகச் சந்தேகம் உண்டாயிற்று. அந்தச் சந்தேகத்தை உண்டாக்கியவர் நாத்திகர் எவரும் அல்லர். முதுகில் பனியைச் சுமந்துகொண்டு வேலியோரத்தில் நின்ற ஒரு மட்டக்குதிரை.

மூதாட்டியிடம் இரண்டு குதிரைகள் இருந்தன. ஒன்று, பந்தயக் குதிரைகளின் ஜாதியில் பிறந்த உயரமான செந்நிறக் குதிரை. மற்றொன்று அவ்வட்டாரத்துக்கே உரிய டேல்ஸ் இனத்துக் கருநிற மட்டக்குதிரை, வயது இருபத்தைந்தைக் கடந்தது. லாயம் ஒன்று இருந்தும், இரண்டுக்கும் இரவும் பகலும் வெளிப்புல்வெளியிலேதான் வாசம். சிவப்புக் குதிரைக்குக் கழுத்திலிருந்து வால் வரையில் கனத்த போர்வை, கருப்புக்கு ஒன்றுமில்லை. இந்தப் பட்சபாதம் வந்த நாள் முதலே என் மனத்தை உறுத்திக்கொண்டிருந்தது. டிசம்பர் மாதத்து இரவொன்றில் ஜன்னல் வழியே பார்த்தபோது, நிலவொளியில் அதன் முதுகின்மேல் ஒரு விரற்கடை உயரத்துக்குப் பனி படிந்து கிடந்ததைக் கண்டு, இரண்டு கம்பளிச் சட்டைகளுக்குள்ளும் நடுங்கிக்கொண்டிருந்த எனக்கு மனம் பொறுக்கவில்லை. கொட்டகை ஆணியில் தொங்கிய உபரிப் போர்வையை எடுத்துச் சென்று, பனியைக் கையால் தட்டிவிட்டு, வயிற்றுக்கடியில் குறுக்காக மாட்டவேண்டிய வார்களோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டி, ஒருவாறு போர்த்திவிட்டு வந்து, புண்ணியம் செய்தவனுடைய நித்திரையை அனுபவித்தேன்.

மறுநாள் வானம் வெளுத்து வெயில் ஏறியது. மூதாட்டி என்னைப் புல்வெளிக்குக் கூப்பிட்டார். போர்வையின் கழுத்துப் பக்கத்து விளிம்பினுள் கையை நுழைத்து, தோள் எலும்புக்குப் பின்னால் ஒரு கணம் வைத்திருந்து, வெளியே எடுத்து என் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார். உள்ளங்கை முழுவதும் ஈரம். அந்தக் குளிரில் அதிலிருந்து ஆவி பறந்தது. “குளிர்ந்தது உங்களுக்கு” என்றார். கோபித்துக்கொண்டாரில்லை. போர்வையைக் கழற்றி வேலியின்மேல் போட்டுவிட்டு, ஒரு பிடி வைக்கோலை முறுக்கி அதன் முதுகைத் துடைக்கத் தொடங்கினார்.

பனி உருகாமல் முதுகில் கிடந்ததையே நான் துன்பத்தின் அடையாளமாகக் கொண்டிருந்தேன்; அது சௌக்கியத்தின் அடையாளமாம். உடற்சூடு வெளியே கசிந்திருந்தால் பனி உருகி வழிந்திருக்கும். கோடையின் மிக நீண்ட பகல் கழிந்து நாள் சுருங்கத் தொடங்கியவுடனேயே, குளிர் எட்டிப்பார்ப்பதற்கு வெகு முன்னதாக, வெளிச்சம் குறைவதைக் கண்வழியே அறிந்துகொண்டு குதிரையின் உடல் அடுத்த ரோமத்துக்கு ஆயத்தம் செய்கிறது. குளிர் தாக்கும்போது ஒவ்வொரு மயிர்க்காலின் அடியிலும் உள்ள நுண்ணிய தசை சுருங்கி மயிரை நிமிர்த்த, மயிர்களின் இடையே சிறைப்பட்ட காற்றே அதற்குக் கம்பளியாகிறது. உள்ளே ஓர் அடுப்பும் உண்டு: தின்ற உலர்புல் பெருங்குடலில் நொதித்துச் செரிக்கும்போது பிறக்கும் வெப்பம். ஆகையால்தான் அனுபவமுள்ள குதிரைக்காரர்கள் கடுங்குளிர் இரவில் போர்வையைத் தேடுமுன் புல்கட்டைத் தேடுகிறார்கள். ஆடையில்லாத மனிதன், வெப்பம் 27, 28 பாகைக்குக் கீழே இறங்கினாலே உடற்சூட்டைக் காப்பதற்கென்று உள்ளே கூடுதலாக எரித்தாக வேண்டும். குளிர்கால ரோமம் முற்றி, வயிறார உண்ட குதிரையோ, காற்றும் மழையும் இல்லாவிடில், பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 15 பாகை வரையில் அந்தக் கவலையின்றி நிற்கும். நான் போர்த்திய போர்வை, நிமிர்ந்து நின்ற மயிரை அழுத்திப் படியவைத்து, அதனுடைய கம்பளியைப் பறித்துக்கொண்டு என்னுடைய கம்பளியை அதன்மேல் சுமத்திவிட்டது.

பிற உயிரின் சுகத்தையும் துக்கத்தையும் தனக்கு உவமையாக வைத்துக் காண்பவனே யோகிகளுள் உயர்ந்தவன் என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் கூறுகிறது. ஆத்மௌபம்யம் என்று பெரியோர் இதை வழங்குவார்கள். ஏறக்குறைய எல்லாச் சமயங்களும் ஏதேனும் ஒரு பாஷையில் இதையே உபதேசித்திருக்கின்றன. அன்றிரவு நான் இந்த உபதேசத்தை எழுத்துப் பிசகாமல் அனுஷ்டித்தவன். எனக்குக் குளிர்ந்தது, ஆகவே அதற்கும் குளிரும் என்று கொண்டேன். எனக்குப் போர்வை சுகம். ஆகவே அதற்கும் சுகம் என்று கொண்டேன். தர்க்கத்தில் பிழையில்லை, கருணையில் கலப்படமில்லை, ஆயினும் விளைந்தது வியர்வை. இதில் சாஸ்திரத்தின்மேல் குற்றமா, அதைப் படித்தவன்மேல் குற்றமா என்பதுதான் அந்தக் குளிர்காலம் முழுவதும் என்னை விடாமல் தொடர்ந்த கேள்வி.

தமிழ் படித்தவனுக்கு இந்த இடத்தில் பேகன் நினைவுக்கு வராமல் இரான். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய அந்த ஆவியர்குலத் தலைவன், மயிலுக்குக் குளிருமென்று இரங்கித் தன் போர்வையை அதற்கு அளித்ததைப் பள்ளிக்கூடத்தில் பெருமிதத்தோடு ஒப்பித்திருக்கிறோம். கார்காலத்து மயில் தோகையை விரித்து உடலைச் சிலிர்ப்பது பேடையின் பொருட்டு. குளிருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மயில் போர்த்துக்கொள்ளாது என்பதைப் பரணரும் மறைக்கவில்லை. அதை அறிந்தும் கொடுத்தான் என்றே அவனைப் புகழ்கிறார். அந்தப் புகழுக்கு அவர் வைத்த பெயர் கொடைமடம். மடம் என்றால் அறியாமை. ஒரு குறையின் பெயரைக் கொண்டே ஒருவனை வாழ்த்தும் துணிவு பழைய புலவர்களுக்கு இருந்தது. இன்னும் ஒரு செய்தி உண்டு. அதைப் பள்ளிக்கூடத்தில் நமக்கு அழுத்திச் சொல்வதில்லை. அதே பேகன் தன் மனைவி கண்ணகியை (சிலம்பின் கண்ணகி வேறு) விட்டுப் பிரிந்து வேறிடத்தில் தங்கியிருந்தான். அவள் பொருட்டுக் கபிலரும் பரணரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர் கிழாரும் அவனிடம் பரிந்து பாடிய பாட்டுகள் புறநானூற்றிலேயே இருக்கின்றன. கேளாத மயிலின் நடுக்கம் கண்ணில் பட்டவனுக்கு, அழுது கேட்டவளின் துன்பம் எட்டுவதற்கு நான்கு புலவர்கள் தூது போகவேண்டியிருந்தது. இதை அவன் ஒருவனுடைய விசித்திரம் என்று நான் நினைக்கவில்லை. வாயில்லா ஜீவன் என்று நாம் உருகுகிறோமே, அந்த உருக்கத்தில் ஒரு சௌகரியமும் ஒளிந்திருக்கிறது: வாயில்லாதது ‘வேண்டாம்’ என்று சொல்லாது, நாம் கொடுத்ததைத் திருப்பித் தராது, நம் கருணை நம்மிடமே முழுமையாகத் திரும்பி வந்து சேரும்.

இதற்கு நேர் எதிரான கட்சியும் குதிரைக்காரர்களிடையே உண்டு. சிருஷ்டிகர்த்தா ரோமம் கொடுத்திருக்கிறார், மனிதன் எதற்காகக் குறுக்கே வரவேண்டும் என்பார்கள். அவர்களுக்குத் துணையாகச் சீன ஞானி சுவாங் சூவின் பெயரால் வழங்கும் நூலில் குதிரைக் குளம்பைப் பற்றிய அத்தியாயத்தையே காட்டலாம்: உறைபனியை மிதிக்கக் குளம்பும் காற்றையும் குளிரையும் தடுக்க ரோமமும் பெற்றுச் சுகமாகத் திரிந்த குதிரைகளை, பழக்குகிறேன் என்று ஒருவன் வந்து சுட்டும் கத்தரித்தும் கட்டியும் பாதிக்குமேல் கொன்றுவிட்டதாக அங்கே சொல்லப்படுகிறது. அழகான வாதந்தான். ஆனால் அந்தக் குதிரைகளுக்கு வேலி இல்லை. காற்று வடக்கிலிருந்து அடித்தால் குன்றின் தென்சரிவுக்கு அவை நடந்துபோகும். வேலிக்குள் நிற்கும் குதிரை, காற்றுக்குப் பிட்டத்தைக் காட்டி வாலை ஒடுக்கிக்கொள்வதற்குமேல் ஒன்றும் செய்ய இயலாது. சவாரியில் வியர்த்துப்போகாமல் இருக்கட்டும் என்று சிவப்புக் குதிரையின் ரோமத்தை யந்திரத்தால் மழித்தவர் மூதாட்டியேதான். மழித்தபின் அதனை இயற்கையிடம் ஒப்படைப்பதாகச் சொல்வது, கடன் வாங்கியவன் வைராக்கியம் பேசுவதைப் போன்றது. நாம் எடுத்ததைத் திருப்பிக்கொடுப்பதில் கருணை என்ற பேச்சுக்கே இடமில்லை, அது ருணம்.

திருப்பிக்கொடுப்பதிலும் கணக்கு இருக்கிறது. இங்கிலாந்தில் ‘நியூஸிலாந்துப் போர்வை’ என்று வழங்கிய பழைய கித்தான் போர்வை, உள்ளே கம்பளித் துணி தைத்து, நனைந்தால் ஆள் தூக்கமாட்டாத கனமாக இருக்கும். இக்காலத்துச் செயற்கை நூல் போர்வைகள் மழையை வெளியே நிறுத்தி வியர்வையின் ஆவியை மட்டும் வெளியே விடுகின்றன. உள்ளே பஞ்சே இல்லாத மெல்லிய மழைப்போர்வையில் தொடங்கி, சதுர மீட்டருக்கு 100, 200, 300 கிராம் என்று பஞ்சு ஏறிக்கொண்டே போகும். மழிக்காத குதிரைக்குப் பெரும்பாலும் பஞ்சு தேவையில்லை. அதற்குச் சத்துரு குளிரைவிட நனைதலே. காற்றோடு சேர்ந்த மழை ரோமத்தின் அடிவரையில் ஊறிவிட்டால் சிறைப்பட்ட காற்று போய்விடும்; பூஜ்யத்துக்கு மேலே ஐந்து பாகையில் நனைந்து நிற்பது, பத்துப் பாகை கீழே உலர்ந்து நிற்பதைவிடக் கொடியது. இத்தனையையும் கணித்த பிறகும், மார்புப் பக்கம் இறுக்கமாயிருந்தால் தோளில் மயிர் தேய்ந்து புண்ணாகும். போர்வை விற்கும் கடையில் நின்றுகொண்டு ஜீவகாருண்யத்தைப் பற்றிப் பொதுவாகப் பேசிக்கொண்டிருக்க முடியாது.

நார்வே நாட்டு விலங்கியல் ஆராய்ச்சியாளர் சிலர், சமயவாதிகளாகிய நாம் செய்யத் தவறிய காரியம் ஒன்றைச் செய்தார்கள்: அவர்கள் குதிரையையே கேட்டார்கள். 2016இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில் 23 குதிரைகளுக்கு மூன்று வெள்ளைப் பலகைகள் அறிமுகப்படுத்தப்பட்டன. படுக்கைக் கோடு இட்ட பலகையை மூக்கால் தொட்டால் போர்வை போடப்படும். நெட்டுக் கோடு இட்டதைத் தொட்டால் கழற்றப்படும். வெற்றுப் பலகையைத் தொட்டால் உள்ளபடியே விடப்படும். நாளொன்றுக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம், இரண்டு வாரம். பரிசு, நறுக்கிய காரட் துண்டு. இருபத்துமூன்றும் கற்றுக்கொண்டன. நல்ல வெயில் நாளில் போர்வையைக் கழற்றச் சொல்லின. ஈரமும் காற்றும் குளிருமான நாளில் போடச் சொல்லின. காரட்டுக்காகத் தொட்டிருந்தால் எந்தப் பலகையையும் தொட்டிருக்கலாம். வானிலையைப் பார்த்துத் தொட்டன. இதைப் படித்தபோது எனக்கு உண்டான உணர்ச்சியை வியப்பு என்று சொல்வதைவிட வெட்கம் என்று சொல்வதே பொருந்தும்.

கீதை சொன்ன உவமை பொய்யாகிவிடவில்லை. நான் உவமையை வைத்த இடம்தான் தவறு. என் தோலையும் அதன் தோலையும் ஒன்றாக வைத்தேன். ‘இன்று வேண்டும், நேற்று வேண்டாம்’ என்று சொல்லும் ஒருவன் என்னுள்ளே இருக்கிறானே, அவனைப் போன்ற ஒருவன் அதனுள்ளும் இருக்கிறான் என்று வைத்திருக்க வேண்டும். அவ்விதம் வைத்தால், நான் அறிந்ததாக நினைப்பது குறைகிறது. கேட்கவேண்டிய கடமை வளர்கிறது. எல்லா உயிரினுள்ளும் ஈசன் உறைகிறான் என்று நம்புகிறவன், தன் விருப்பத்தையே ஈசனின் விருப்பமாகக் கொண்டு நைவேத்தியம் செய்துவிட்டு, அதைத் தானே உண்டுவிடுகிற அபாயம் எப்போதும் இருக்கிறது. கடவுள் வாய் திறந்து மறுப்பதில்லை என்பதால் கோயிலில் அந்த அபாயம் தெரிவதில்லை. புல்வெளியில் வியர்வையாகத் தெரிந்துவிடுகிறது.

பிப்ரவரிக் கடைசியில், மழையும் பனியும் கலந்து சரிவாக அடித்த ஒரு மாலையில், மூதாட்டி பஞ்சில்லாத மழைப்போர்வை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு புல்வெளிக்குப் போனார்; நானும் பின்னால் போனேன். கிழட்டுக் குதிரைக்குப் பல் தேய்ந்து, புல்லை மென்று விழுங்குவது குறைந்திருந்தது. விலா எலும்புகள் ரோமத்துக்கு அடியில் கைக்குத் தட்டுப்பட்டன. அவர் உடனே போர்த்தவில்லை. மடித்த போர்வையை அதன் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, நனைந்தபடியே நின்றார். அது முகர்ந்து பார்த்தது, விலகவில்லை, ஓரடி முன்னால் வந்து, காற்றடிக்கும் பக்கத்தை அவரிடம் கொடுத்து நின்றது. வார்களை மாட்டிவிட்டு, கையுறையைக் கழற்றி, போர்வையின் விளிம்பினுள் கையை விட்டுத் தோளின் பின்புறத்தில் வைத்துக்கொண்டு, “இரவு பதினொரு மணிக்கு நீங்கள் வந்து ஒருமுறை இப்படி வைத்துப் பாருங்கள்” என்றார்.