கடைசிக் குழாய்

கொலையும் களவும் தீமை என்று உணர்த்தப் பெரிய நூல்கள் வேண்டியதில்லை. பிறர் துன்பம் கண்முன் தெரியும்போது மனச்சான்று தானே விழித்துக் கொள்கிறது. ஆனால், யாருக்கும் தீங்கு விளைவிக்காதது போலத் தோன்றும் ஒரு சிறு குறையைக் களைவது கடமையா, அல்லது அவரவர் விருப்பமா? இந்த வினாவிற்கு விடை காண்பது அத்துணை எளிதன்று. அண்மையில் இதனை என்னுள் எழுப்பியது என் வீட்டுச் சமையலறைக் குழாய்.

அஃது ஒரே கைப்பிடியுள்ள குழாய். பிடியை உயர்த்தினால் நீர் வரும்; தாழ்த்தினால் நின்றுவிடும். சில மாதங்களுக்கு முன் அது நிற்க மறுத்தது. எவ்வளவு அழுத்தித் தாழ்த்தினாலும் நொடிக்கு ஒரு சொட்டு விழுந்துகொண்டே இருந்தது. ‘வரும் சனிக்கிழமை பார்க்கலாம்’ என்றேன். மூன்று சனிக்கிழமைகள் கடந்தன. இதற்கிடையே பள்ளிச் சபைகூடலில் தண்ணீர்ச் சிக்கனம் பற்றி மாணவர்களுக்கு நீண்டதோர் உரையும் ஆற்றிவிட்டு வந்தேன். அன்றிரவு என் மனைவி, “காலையில் நீங்கள் பேசியது நம் குழாய்க்குக் கேட்கவில்லை போலும்” என்றார். நான் சிரித்தேன், ஆனால் உறக்கம் வரவில்லை. இரவின் அமைதியில் ஒவ்வொரு சொட்டும் என் உரையின் ஒவ்வொரு சொல்லையும் அடித்துத் திருத்துவது போலிருந்தது.

என்னைக் காத்துக்கொள்ளக் கணக்குப் போட்டேன். நாளொன்றுக்கு 86,400 நொடிகள். ஒரு சொட்டு கால் மில்லிலிட்டர் என்று கொண்டால் நாளுக்கு 21 லிட்டருக்குச் சற்று மேல்; ஆண்டுக்கு ஏறத்தாழ 7,900 லிட்டர். அளவு திகைக்க வைத்தது. ஆயினும் ஒரு மாத இழப்பைக் காசாக்கினால் ஒரு கோப்பை தேநீரின் விலைகூட இல்லை. ‘கட்டணம் செலுத்துபவன் நான், இழப்பும் என்னுடையது. இதில் அறம் எங்கே வந்தது?’ என்று என் மனம் வாதாடியது.

அந்த வாதத்திற்கு விடை, நான் பிறந்து வளர்ந்த தோட்டத்திலிருந்து வந்தது.

எழுபதுகளின் இறுதியில், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றின் லயத்தில் நாங்கள் வாழ்ந்தோம். (2007இல் அவ்வூர் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறியது.) எங்கள் தோட்டத்தில் அப்போது வீட்டுக்கொரு குழாய் இல்லை. மேட்டிலிருந்த தொட்டியிலிருந்து ஒரே குழாய்வரிசை இறங்கி வரும்; அதில் இடைவெளி விட்டுப் பொதுக் குழாய்கள் நிற்கும். காலையிலும் மாலையிலும் குறித்த நேரம் மட்டுமே நீர் திறப்பார்கள். வரிசையின் தலைப்பில் இருந்தவர்களுக்குக் குடம் விரைவில் நிறையும். கடைசிக் குழாயில் இருந்தவர்கள் காத்து நிற்பார்கள். எங்கள் வீடு அந்தக் கடைசிக் குழாயருகே இருந்தது.

மேல் வரிசையில் ஒரு பெரியவர் இருந்தார். பால்மரம் வெட்டி ஓய்ந்த கைகள் அவருடையவை. எந்தக் குழாய் ஒழுகினாலும், யாரும் சொல்லாமலே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். பழைய ரப்பர்த் துண்டை வட்டமாக வெட்டி, குழாயைக் கழற்றி உள்ளே பொருத்துவார். “குழாய் துரையுடையது, தண்ணீர் தோட்டத்துடையது. உங்களுக்கு என்ன கூலி?” என்று ஒருவர் கேலியாகக் கேட்டதை நான் அருகில் நின்று கேட்டிருக்கிறேன். பெரியவர் நிமிராமலே சொன்னார்: “இங்க ஒழுகுற தண்ணி மண்ணுலயா போகுதுன்னு நினைக்கிற? கடைசிக் குழாயில நிக்கிற பிள்ளையோட வாளியிலிருந்து போகுதப்பா.”

அந்தப் பிள்ளைகளில் நானும் ஒருவன். ஐம்பது வயதைக் கடந்த பின்னரே அவர் சொன்னதன் பொருள் எனக்கு முழுமையாக விளங்கியது. இழப்பு என்பது எங்கும் வெறுமையில் மறைவதில்லை. வரிசையின் கடைசியில் நிற்கும் யாரோ ஒருவரின் பங்கிலிருந்தே அது கழிகிறது. அன்று அந்தக் கடைசி ஆள் கண்ணுக்குத் தெரிந்தார். இன்றோ குழாய்கள் மண்ணுக்குள் நீண்டுவிட்டன. கடைசி ஆள் நம் பார்வையிலிருந்து மறைந்துவிட்டார். மறைந்தாரே அன்றி, இல்லாமற் போய்விடவில்லை.

சிலாங்கூர் ஆற்று நீரே பெஸ்தாரி ஜெயா, புக்கிட் பாடோங் பகுதிகளின் நிலையங்களில் சுத்திகரிக்கப்பட்டுப் பெருநகர வீடுகள் வரை செல்கிறது. 2014இன் தொடக்கத்தில் வறட்சியால் அணைநீர் தாழ்ந்தபோது சிலாங்கூரின் பல பகுதிகளில் இரண்டு நாள் நீர், இரண்டு நாள் இன்மை என்ற பங்கீடு வந்தது. 2020 செப்டம்பரில் ரவாங் அருகே ஆற்றில் மாசு கலந்தபோது நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. ஏறத்தாழ 12 இலட்சம் இணைப்புகள் வறண்டன. அந்நாள்களில் மாடி வீட்டாரும் வாளி ஏந்தி லாரிக்குக் காத்து நின்றனர். கடைசிக் குழாயின் துயரம் என்னவென்று அன்று எல்லாருக்கும் புரிந்தது. நீர் வந்ததும் மறந்து போனோம்.

இங்கே ஒரு தடை எழலாம். ‘நாட்டில் சுத்திகரித்து அனுப்பும் நீரில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேல் ஒழுக்காலும் திருட்டாலும் அளவுப் பிழையாலும் வருவாயற்றுப் போகிறதே! ஆறு போவதைத் தடுக்காமல் சொட்டை நிறுத்துவதா?’ நியாயமான கேள்விதான். என் குழாயை நிறுத்தியதால் அணை நிரம்பிவிடாது. ஆயினும் பிறர் குறை பெரிது என்பதனால் என் குறை சரியாகிவிடுமா? தெருவில் குப்பை மலிந்திருக்கிறது என்று எவரும் தம் வீட்டைப் பெருக்காமல் விடுவதில்லை. தன் குழாயைச் செப்பனிட்டவனே பெருங்குழாயைப் பற்றி உரக்கக் கேட்கும் தகுதியைப் பெறுகிறான்.

நான்காம் சனிக்கிழமை வேலையில் இறங்கினேன். முதலில் கழுவுதொட்டியின் கீழிருந்த அடைப்பானை மூடினேன். திருகாணி விழுந்து தொலையாதிருக்க வடிகால் துளையைத் துணியால் அடைத்தேன். கைப்பிடியில் சிவப்பும் நீலமும் தீட்டிய சிறு மூடியைப் பெயர்த்ததும், உள்ளே ஒரு சிறு திருகாணி தெரிந்தது. ‘எல்’ வடிவச் சாவியால் அதைத் தளர்த்திப் பிடியை எடுத்தேன். மூடியையும் பித்தளை வளையத்தையும் கழற்றினால், விரலளவான ஓர் உருளை வெளிவந்தது. ஒன்றன்மேல் ஒன்று நகரும் இரு பீங்கான் தட்டுகள் அதனுள் இருக்கின்றன. அவற்றின் துளைகள் நேர்ப்படும்போது நீர் வருகிறது, விலகும்போது நிற்கிறது. தேய்வாலோ, இடையில் சிக்கிய மணல் துகளாலோ அவை சரியாகப் பொருந்தாவிடில் நீர் கசிகிறது. பழைய உருளையைக் கடையில் காட்டி அதே அளவில் புதியது வாங்கி, அதன் முனைகள் பள்ளத்தில் அமரும்படி பொருத்தினேன். முதல் முறை சற்றுக் கோணலாக அமர்ந்துவிட்டது. மீண்டும் கழற்ற நேர்ந்தது. இரண்டாம் முறை அடைப்பானை மெல்லத் திறந்தேன். சொட்டு நின்றது.

வேலைக்கு ஆள் அழைத்திருக்கலாமே என்பீர்கள். தொழில் தெரிந்தவருக்குக் கூலி கொடுப்பதும் அறமே. சுவருக்குள் குழாய் உடைந்திருந்தால் நானும் அழைத்திருப்பேன். நான் வெட்கியது ஆள் அழைக்காததற்கன்று. ஆளையும் அழைக்காமல், கையையும் நீட்டாமல், மூன்று வாரங்கள் கேட்டுக்கொண்டே இருந்ததற்கு. குறையை அறியாதவனுக்கு மன்னிப்பு உண்டு. அறிந்த கணத்திலிருந்து அது நம்முடையதாகிவிடுகிறது.

வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். அந்த அதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களே, பொருள் கூறி முடித்தபின் பள்ளிக் குழாயடிக்கும் ஒருமுறை மாணவர்களை அழைத்துச் செல்லுங்கள். மாணவச் செல்வங்களே, ஒழுகும் குழாய் ஒன்றைக் கண்டால், ‘இது யாருடையது?’ என்று கேளாதீர்கள். வரிசையின் கடைசியில் வாளியோடு நிற்கும் ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கள். உங்கள் கை தானே நீளும்.