இரங்கல் செய்தியில் விடுபட்டவர்கள்

2015 ஜூலை 28 அன்று டாக்டர் சுனிதி சாலமன் சென்னையில் காலமானபோது வெளிவந்த இரங்கல் குறிப்புகளில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தது: இந்தியாவில் எச்ஐவி தொற்றை முதன்முதலில் கண்டறிந்தவர். அது பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இன்னும் எட்டுப் பேராவது ஒளிந்திருக்கிறார்கள். ஒரு மாணவி, அவருடைய கணவர், ஆறு பெண்கள். ஒரு பெரிய ஆசிரியரை நினைவுகூரும்போது இவர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய கடமை உண்டா? சொன்னால் அது ஆசிரியரின் புகழைக் குறைப்பதாகுமா?

நடந்ததைப் பார்ப்போம். 1985 இறுதியில் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன், பட்ட மேற்படிப்பு மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் எய்ட்ஸ் பற்றி ஆய்வேடு செய்யச் சொன்னார். அமெரிக்காவில் 1981இல் முதலில் பதிவான அந்த நோய் இங்கெல்லாம் வராது என்று படித்தவர்களே நம்பிக்கொண்டிருந்த காலம். நிர்மலாவுக்கு வயது 32. சிறு ஊரிலிருந்து வந்தவர். தயங்கியவரைச் செய்யச் சொல்லி ஊக்கப்படுத்தியவர் கணவர் வீரப்பன் ராமமூர்த்தி.

ஆய்வுக்குப் பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்த மாதிரிகள் தேவைப்பட்டன. ஆனால் சென்னையில் அந்தத் தொழிலுக்கென்று தனித் தெரு கிடையாது. அரசுப் பொது மருத்துவமனைக்குப் பால்வினை நோய்ச் சிகிச்சைக்கு வந்த பெண்களிடம் பழகி, அவர்கள் மூலம் மற்றவர்களை அடையாளம் கண்டபோது, அவர்களுடைய படிவங்களில் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் ‘வி ஹோம்’ என்று எழுதியிருப்பதை நிர்மலா கவனித்தார். மயிலாப்பூரில் இருந்த விஜிலென்ஸ் ஹோம் அது. போலீஸ் பிடித்த பெண்களையும் ஆதரவற்றவர்களையும் அடைத்து வைக்கும் இடம். அங்கே போய், கையுறைகூட இல்லாமல், மூன்று மாதத்தில் எண்பதுக்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சீரத்தைப் பிரித்தெடுக்கப் பேராசிரியர் ஒரு தற்காலிக ஆய்வகத்தை ஒழுங்குசெய்து கொடுத்தார். பத்திரப்படுத்த வேறு வழியில்லாததால் மாதிரிகள் நிர்மலாவின் வீட்டு ஃபிரிட்ஜில் இருந்தன. 1986 பிப்ரவரியில் கணவனும் மனைவியும் அவற்றை ஐஸ் பெட்டியில் வைத்து இரவு ரயிலில் காட்பாடி போய், அங்கிருந்து ஆட்டோவில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) எடுத்துச் சென்றார்கள். அங்கே டாக்டர் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் எலைசா சோதனை நடந்தது. ஆறு மாதிரிகளின் குழிகள் மஞ்சளாக மாறின, அதாவது அவற்றில் தொற்று தெரிந்தது. மறுபடி மாதிரி எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பி உறுதிசெய்தார்கள். அதற்குப் பிறகுதான் அரசுக்கும் சட்டமன்றத்துக்கும் நாட்டுக்கும் தெரிந்தது.

மாணவியை மறப்பது முதல் அநீதி. ஆய்வுலகில் அது பழகிப்போன ஒன்று. யோசனை ஆசிரியருடையது, உழைப்பு மாணவருடையது, பெயர் யாருக்கு என்பது கிட்டத்தட்ட முன்கூட்டியே தீர்மானமான விஷயம். இதில் பேராசிரியரின் பங்கு சிறியது என்று சொல்ல முடியாது. யாரும் கேட்கத் துணியாத கேள்வியைக் கேட்டவர் அவர்தான். ஆனால் ஆய்வேட்டை முடித்துவிட்டு, கிங் இன்ஸ்டிடியூட்டில் தடுப்பூசித் தயாரிப்பு வேலைக்குப் போய்விட்ட நிர்மலாவின் பெயர் முப்பது வருடங்களுக்கு அநேகமாக யார் வாயிலும் வரவில்லை. இந்தக் கணக்கைச் சரிசெய்வது சுலபம். பெயரைச் சேர்த்துச் சொன்னால் போதும். ஆசிரியருக்கு அதில் ஒரு குறையும் வராது.

சிக்கல் அந்த ஆறு பேர் விஷயத்தில்தான். எதற்காக ரத்தம் எடுக்கப்படுகிறது என்று அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. பால்வினை நோய்க்கான சோதனை என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு எய்ட்ஸ் என்றால் என்ன புரிந்திருக்கும் என்று நிர்மலாவே பின்னாளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அவர் மறைக்காததே பெரிது. ஆனால் படிக்காதவருக்குப் புரியாது என்பது சம்மதம் கேட்காமல் இருக்கக் காரணமாகாது. அப்படிப் பார்த்தால் நம் அரசு மருத்துவமனைகளில் பாதிப் பேரிடம் யாரும் எதையுமே கேட்க வேண்டியதில்லை. பூட்டிய கதவுக்குள் இருக்கும் பெண், ஊசியோடு வந்த டாக்டரம்மாவிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட முடியுமா என்பது அதைவிடக் கடினமான கேள்வி.

‘அன்றைய காலம் அப்படி’ என்ற வாதம் எழும். அதில் பாதிதான் உண்மை. ஆராய்ச்சிக்கு உட்படுத்தப்படுபவரின் சம்மதத்தை வலியுறுத்திய ஹெல்சிங்கி பிரகடனம் 1964இலேயே வந்துவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 1980இல் தன் நெறிமுறை அறிக்கையை வெளியிட்டிருந்தது. நெறி ஏட்டில் இருந்தது, வார்டுக்கு வரவில்லை. அது ஒரு தனி மனிதரின் குற்றமல்ல, ஒரு துறையின் பழக்கம். ஆகவே தண்டிக்கும் தொனியில் பேச இங்கே யாருக்கும் அருகதை இல்லை. ஆனால் பேசாமல் இருக்கவும் அது அனுமதி தராது.

மறைந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் பேசுவதே மரபு என்பார்கள். துக்க வீட்டில் அது சரி. பதினைந்து நாள் கழித்து வகுப்பறையில் அதே தொனி தொடர்ந்தால், மருத்துவ மாணவர் கற்றுக்கொள்வது கண்டுபிடிப்பு பெரிதென்றால் வழி கேட்கப்படாது என்பதைத்தான். அந்தச் சோதனையால் பலன் விளைந்தது என்பதில் சந்தேகமில்லை. எச்சரிக்கை முன்னதாகக் கிடைத்தது. கண்காணிப்பும் விழிப்புணர்வும் தொடங்கின. அந்தப் பலன் கோடிப் பேருக்கு. அந்த ஆறு பேருக்குக் கிடைத்தது என்ன? அப்போது இந்த நோய்க்கு மருந்தே இல்லை. தொற்று இருப்பது தெரிந்ததாலேயே அந்த இல்லத்தில் பெண்கள் தண்டனைக் காலம் தாண்டியும் அடைத்து வைக்கப்பட்டார்கள். விஷயம் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. இதை ஆராய்ச்சியாளர்கள் செய்யவில்லை, நிர்வாகம் செய்தது. ஆனால் சோதனை முடிவு இல்லாமல் இது நடந்திருக்காது.

சுனிதி சாலமனின் பிற்காலம் இதற்குப் பிராயச்சித்தம் என்று எழுதிவிட ஆசை வரும். அதுவும் நியாயமில்லை. அவர் மனத்துக்குள் யாரும் போய்ப் பார்க்கவில்லை. தெரிந்ததைச் சொல்வோம்: 1993இல் தன் தந்தை பெயரில் எச்ஐவி தொற்றாளர்களுக்கான ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பைத் தொடங்கினார். சக மருத்துவர்களே தொடத் தயங்கிய நோயாளிகளை உட்கார வைத்துப் பேசினார். தொற்றுள்ளவர்களுக்குள் வரன் பார்த்துக் கல்யாணம் செய்து வைத்தார். தங்களுக்கும் குடும்பம் அமையும் என்று அவர்கள் நம்பக்கூட அஞ்சிய நாட்களில் செய்த காரியம் அது. அவருடைய பெருமைக்கு இதுவே போதும். 1986இல் நடந்ததை மெழுகிப் பளபளப்பாக்க வேண்டிய தேவையில்லை.

நிர்மலாவின் பெயரைச் சொல்வதுபோல அந்த ஆறு பெண்களின் பெயரைச் சொல்ல முடியாது. பெயரைச் சொல்வது அவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் இன்னொரு தீங்கு. 2017ஆம் ஆண்டு எச்ஐவி சட்டம் அறிந்து தரும் சம்மதம் இல்லாமல் சோதனை கூடாது என்கிறது, தொற்று உள்ளவர் யார் என்று வெளியிடுவதையும் தடுக்கிறது. ஆகவே அவர்களை நினைப்பதற்குச் சிலையும் வேண்டாம், பெயர்ப்பலகையும் வேண்டாம். அவர்களுக்கு என்ன சொல்லப்பட்டது, என்ன சொல்லப்படவில்லை, பிறகு அவர்கள் கதி என்ன ஆயிற்று என்பதை வேலூர் ரயில் பயணத்தோடு சேர்த்துச் சொன்னால் போதும். மருத்துவக் கல்லூரியில் இந்தக் கதையைச் சொல்லும் பேராசிரியர் அதற்கு இரண்டு நிமிடம் கூடுதலாகச் செலவிட வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.